அழுக்குப்பக்கத்து மூக்கு

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒரு சுவர் உண்டு. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஊசி நுழைய இடமில்லாத சுவர். அதற்குள் ஏழு மெஷின்களைப் பதித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. சீழும் ரத்தமும் வாந்தியுமாக வந்து சேரும் துணியை இந்தப்பக்கக் கதவு வழியாக உள்ளே தள்ள வேண்டும். ஐம்பது நிமிஷம் கழித்து அந்தப்பக்கக் கதவைத் திறந்து வெள்ளைவெளேரென்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. கிருமி தாண்டிப் போய்விடக் கூடாது என்று படித்தவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐம்பது நிமிஷத்தில் ஒரு படுக்கை விரிப்பு கடந்துபோகிற சுவரை எங்கள் ஆட்களில் ஒருத்தியால் இருபத்தெட்டு வருஷமாகியும் கடக்க முடியவில்லை. என் வயிற்றெரிச்சல் அதைப் பற்றியது.

இந்தப்பக்கம் நின்ற இருபது பேரும் எங்கள் ஆட்கள். எங்கள் தாத்தாமாரை ரயில் பாதை போட இந்த ஊருக்கு இறக்கினார்கள். பாதை போட்டு, அதில் மூன்று தலைமுறை ரயில் ஓடித் தண்டவாளம் தேய்ந்த பிறகும், எங்கள் நிறத்தைப் பார்த்தவுடன் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்பார்கள். "இந்த ஊருதான்" என்றால் விடமாட்டார்கள். "சரி, அதுக்கு முன்னாடி?" அதற்கு முன்னாடி அம்மா வயிறு, வேறென்ன? சுத்தப்பக்கம் நின்ற இருபது பேரும் அவர்கள் ஆட்கள். சம்பளம் எங்களுடையதைப் போல ஒன்றரை மடங்கு, உட்கார நாற்காலி, ஜன்னல். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் தற்செயலாம். நாற்பது பேர், இருபத்தெட்டு வருஷம், ஒரு தலை மாறாத தற்செயல்.

அந்த ஒருத்தி மூக்குக்காரி. பத்தொன்பது வயதில் எங்கள் அழுக்குப்பக்கத்துக்கு வந்தாள். பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வரும். முதல் வாரம் எல்லோரையும் போல அவளும் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். இரண்டாம் வாரம் துணியை அவிழ்த்தெறிந்தாள். "நாத்தம் ஒண்ணு இல்லடி. நூத்தியெட்டு இருக்கு. ஒவ்வொண்ணும் ஒண்ணு சொல்லுது" என்றாள். பைத்தியம் என்று சிரித்தோம். ஆறு மாதத்தில் சிரிப்பு நின்றது. மூட்டையை அவிழ்க்கும் முன்பே, "இது ஆறாம் வார்டு, இதுல மருந்து கொட்டியிருக்கு, தனியா வை" என்பாள். அவிழ்த்தால் அப்படியே இருக்கும். ஒருமுறை ஒரு தலையணை உறையை முகர்ந்துவிட்டு, "இவருக்கு இன்னிக்கு மனசு சரியில்ல, பொண்டாட்டி பாக்க வரல" என்றாள். விசாரித்ததில் பொண்டாட்டி அன்றைக்குத்தான் வரவில்லை. நான் கூட்டிச் சொல்வதாக நீங்கள் நினைக்கலாம். அவளிடம் கேட்டிருந்தால், நான் குறைத்துவிட்டதாகச் சண்டைக்கு வந்திருப்பாள்.

துணியோடு என்னென்னவோ வரும். ஊசி, கத்தரி, பல்செட், மூக்குக்கண்ணாடி, பேனா, பிள்ளைகள் வார்டிலிருந்து மெழுகு வண்ணக் குச்சி. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, அந்தந்த வார்டுக்குத் திருப்பி அனுப்புவாள். பல்செட்டை முகர்ந்தே சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பாள். இப்படிப் பொறுக்குவது எங்கள் வேலை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. எழுதப்பட்ட வேலை நாலே வரி: மூட்டை அவிழ்த்தல், நிறம் பிரித்தல், எடை போடுதல், மெஷினில் இடுதல்.

சலவைக்கூடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. இருக்கை சுத்தப்பக்கம். இருபத்தெட்டு வருஷத்தில் ஒன்பது பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். ஒன்பது பேருக்கும் தொழில் கற்றுக்கொடுத்தவள் மூக்குக்காரி. புதிதாக வருகிறவர் ஒரு வாரம் எங்கள் பக்கம் வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எதற்கு எவ்வளவு சூடு, எதற்கு எந்தத் தூள் என்று அவளிடம் கேட்டுக்கொள்வார். அடுத்த வாரம் சுவருக்கு அந்தப்பக்கம் போய், சுவரில் பேசுவதற்காகப் பதித்த குரல்குழாய் வழியாக அவளையே அதட்டுவார்.

அந்த வேலைக்கு அவள் மூன்று முறை மனுப்போட்டாள். மூன்று முறையும் மனு போன வேகத்தில் திரும்பி வந்தது. மூன்றாவது முறை அலுவலக ஜன்னலில் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன். அவள் மகன் வயதுகூட இல்லாத கிளார்க் தலையைத் தூக்காமல் பேசினான்.

"உனக்குத் தகுதி இல்லம்மா. சுத்தப்பக்கத்துல ரெண்டு வருஷ அனுபவம் இருக்கணும்."

"அப்போ என்னை அங்க மாத்துங்க சார், ரெண்டு வருஷம் இருந்துட்டு வர்றேன்."

"மாத்தணும்னா மேற்பார்வையாளர் சிபாரிசு எழுதணும்."

"அவரு என் வேலையைப் பாத்ததே இல்லையே சார். சுவருக்கு அந்தப்பக்கம்ல உக்காந்திருக்காரு."

"அதான். பாக்காம எப்படி எழுதுவாரு?"

"அவரு பாக்குற மாதிரி நான் எப்போ வேலை செய்றது?"

"அந்தப்பக்கம் வந்தா."

மூக்குக்காரி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். "தம்பி, இந்தச் சட்டத்தை எழுதினவரு உயிரோட இருக்காரா? இருந்தா அவரை ஒருநாள் என் மெஷின்ல போட்டுச் சுத்தணும். தலை எது வால் எதுன்னு தெரியாம வெளிய வரட்டும்" என்றாள். கிளார்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினான்.

அப்போது அவளுக்கு நாற்பத்தேழாவது வயது நடந்துகொண்டிருந்தது. நாற்பத்தெட்டு முடிந்தால் அந்த வேலைக்கு மனுவே போட முடியாது. இன்னும் ஒரு வருஷமும் சில வாரங்களும் பாக்கி. வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தப் பிறந்தநாளைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்தாள். வேறு யாருடைய பிறந்தநாளுக்கும் அவள் வட்டமிட்டுப் பார்த்ததில்லை.

பத்தாவது ஆளாக ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது, கழுத்தில் கோடு போட்ட டை. டை தம்பி என்று பேர் வைத்தோம். சலவை மேனேஜரின் மைத்துனர் பிள்ளை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவளை "அக்கா" என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவன். அந்த ஒரு வாரமும் அவள் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தாள்.

"தம்பி, ஆபரேஷன் துணிக்கு மட்டும் கவனம். முதல்ல பச்சைத் தண்ணி. ரத்தம் பூரா போனப்புறம்தான் சூடு. முதல்லயே சூடு காட்டினா ரத்தம் துணியோட வெந்து ஒட்டிக்கும். அப்புறம் ஆண்டவனே வந்து துவைச்சாலும் போகாது. எழுதிக்கோ."

"ஞாபகம் இருக்கும்க்கா."

அவன் கையில் நோட்டு இருந்தது. பேனாவும் இருந்தது. மெஷின் கம்பெனிக்காரர் வந்து பேசியபோது பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். அவள் சொன்னதை எழுதவில்லை. எழுதத் தக்கவர்கள், காதால் கேட்டு விட்டுவிடத் தக்கவர்கள் என்று ஆட்களைப் பிரிக்க அவனுக்கு யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. தாய்ப்பாலோடு வந்த பழக்கம்.

எட்டு மாதம் கழித்து, நேரத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. டை தம்பி மெஷின் கணக்கைப் பார்த்தான். முதலில் வரும் பச்சைத் தண்ணீர் பன்னிரண்டு நிமிஷம் தண்டமாகத் தெரிந்தது. எடுத்துவிட்டான். அன்றைக்கு வந்த ஆபரேஷன் துணி முழுவதும் அந்தப்பக்கம் பழுப்புத் திட்டுத் திட்டாக இறங்கியது. இந்த இடத்தில் எங்களில் யாராக இருந்தாலும் தலையில் கையை வைத்திருப்போம். சுத்தப்பக்கத்து ஆள் எவரும் வாழ்நாளில் ரத்தத் துணியைப் பார்த்ததில்லையே! கறை போகவில்லை, சூடு போதவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். சூட்டை இன்னும் ஏற்றி இரண்டாம் தடவை சுற்றினார்கள். மூன்றாம் தடவையும் சுற்றினார்கள். எண்ணூறு விரிப்பு, நன்றாக முறுகிய தோசை நிறத்தில் வெளியே வந்தது.

ஆபரேஷன்கள் நின்றன. டாக்டர்கள் கத்தினார்கள். மறுநாள் காலை அறிக்கை தயார்: "அழுக்குப்பக்க ஊழியர்களின் கவனக்குறைவு. துணி சரியாகப் பிரிக்கப்படவில்லை." பொறுப்பு மூக்குக்காரி மேல். ஒழுங்கு நடவடிக்கை வந்தால் மனுப்போடும் உரிமையும் போய்விடும். பிறந்தநாளுக்கு நாலு மாதம் இருந்தது.

விசாரணை சுத்தப்பக்கத்து அறையில். ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டர் வந்திருந்தார். மேனேஜர், டை தம்பி, கிளார்க். நாலு பேருக்கு முன்னாலும் தேநீர். குற்றம் சாட்டப்பட்டவளை எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? சுவரில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி ஒன்று உண்டு. அதற்கு இந்தப்பக்கம் நிற்க வைத்து, குரல்குழாயில் விசாரித்தார்கள். மிருகக்காட்சிச் சாலையில் கரடியிடம்கூட அவ்வளவு தள்ளி நின்று பேச மாட்டார்கள்.

"துணியை நீ ஒழுங்காப் பிரிச்சியா?" என்று மேனேஜர் குழாயில் கத்தினார்.

"சரியாக் கேக்கல சார். அங்கயே வந்து சொல்றேன்."

"நீ இங்க வரக் கூடாது. சுகாதார விதி!"

எங்கள் பக்கச் சுவரில் அந்த விதிப்பலகை தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அதன்மேல் நாங்கள் கையுறை காயப்போட்டோம். மூக்குக்காரி கையுறைகளை எடுத்துப் போட்டுவிட்டு உரக்கப் படித்தாள். "சுத்தப்பக்கம் செல்பவர் எவராயினும் இடையறையில் குளித்து, உடை மாற்றிச் செல்லவும்." படித்துவிட்டுக் குழாயில் வாயை வைத்தாள். "எவராயினும்னு போட்டிருக்கு சார். அதுல நானும் சேர்த்தியா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துடுறேன்."

இடையறைக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். நாங்கள் கண்ணாடியில் ஒருத்தி தலைமேல் ஒருத்தியாக அப்பிக்கொண்டு, திறந்து கிடந்த குரல்குழாயில் காதை வைத்தோம். கால் மணி நேரம் கழித்து, ஈரத் தலையும் வெள்ளை உடுப்புமாக அந்தப்பக்கக் கதவு வழியாக நுழைந்தாள். பெரிய டாக்டர் அவளைப் பார்த்து, "யாரம்மா நீங்க?" என்று எழுந்து மரியாதையாகக் கேட்டார்.

"கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னவதான் சார். தேய்ச்சுக் குளிச்சிட்டேன், துணி மாத்திட்டேன். இதுக்கு மேல எங்கிட்ட போக வேண்டிய அழுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க, அதையும் தேய்ச்சுப் பாக்குறேன்."

மேனேஜர் தன் தேநீரைத் தள்ளி வைத்தார்.

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அன்று காலை அவசர ஆபரேஷனிலிருந்து வந்த துணியில் இரண்டை எடுத்து, ஒன்றின் மூலையில் முடிச்சுப் போட்டு, இரண்டாம் மெஷினிலும் மூன்றாம் மெஷினிலும் தனித்தனியாகப் போட்டு வைக்க எங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்; இப்போது கண்ணாடி வழியாகக் கையைக் காட்டியதும் ஓட்டினோம். முடிச்சுப் போட்டதற்கு முதலில் பச்சைத் தண்ணீர். மற்றதற்கு டை தம்பியின் கணக்கு. ஐம்பது நிமிஷம் பெரிய டாக்டரைக் காக்க வைத்தாள். எழுபது பேரைக் காக்க வைத்துப் பழகியவர், அன்றைக்கு ஒரு மெஷினுக்கு முன்னால் கைகட்டி நின்றார். கதவைத் திறந்தார்கள். முடிச்சுப் போட்டது வெள்ளை. மற்றது பழுப்பு.

டை தம்பியின் முகம் மூன்று தடவை வெந்த துணி மாதிரி இருந்தது. "அக்கா சொன்னாங்க சார். நான்தான் எழுதிக்கல" என்றான். பாவம், அந்த அறையிலேயே உண்மை பேசியவன் அவன் ஒருவன்.

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நடந்தது தப்பு. உங்களுக்கு அந்த ரெண்டு வருஷ நிபந்தனையில சிறப்பு விலக்கு தர்றேன். நாளைக்கே நீங்க மேற்பார்வையாளர்."

எங்கள் பக்கம் கண்ணாடியே உடைகிற மாதிரிக் கத்தினோம். மூக்குக்காரி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோருக்கும் முன்னால் கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்றவளை நாங்கள் பட்டம் என்று கூப்பிடுவோம். இரசாயனத்தில் பட்டம் வாங்கியும், மனுவில் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் 'பாலத்துக்குக் கீழே' என்று முகவரி எழுதிய குற்றத்துக்கு எல்லா இடத்திலும் கழித்துவிடப்பட்டு, எங்கள் மேஜைக்கு வந்து பதினோரு வருஷமாக அடுத்தவர் வாந்தியைப் பிரித்தவள்.

"விலக்கு எனக்கு மட்டுமா சார்?"

"உங்களுக்குத்தானேம்மா தகுதி நிரூபணம் ஆகியிருக்கு."

"எனக்குக் கதவைத் திறந்துட்டு எம் பின்னாலயே சாத்திடுவீங்க. அப்புறம் யாரு கேட்டாலும் 'அதான் ஒருத்தியை உக்கார வச்சிருக்கோமே'ன்னு என்னைத் தூக்கிக் காட்டுவீங்க. காட்சிப் பொருளா இருக்க எனக்கு முடியாது சார். அந்த ரெண்டு வருஷ வரியை அடிங்க. எல்லாருக்கும் அடிங்க."

"அதுக்குக் கமிட்டி கூடணும்மா."

"கூட்டுங்க. அதுவரைக்கும் காகிதத்துல எழுதின வேலையை மட்டும் நாங்க செய்றோம்."

அந்த இரவு அவள் வீட்டுக்கே போய் அவளோடு நான் சண்டை போட்டேன். கையில் வந்து விழுந்ததைத் தட்டிவிட்டாயே, முட்டி தேய்ந்துபோனதே, பிறந்தநாள் வருகிறதே என்று திட்டித் தீர்த்தேன். "தெரியும், போடி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து எழுதிய நாலு வரியை மட்டும் செய்தோம். அவிழ்த்தோம், பிரித்தோம், எடை போட்டோம், தள்ளினோம். எதையும் பொறுக்கவில்லை. "ஊசியையும் கத்தரியையும் மட்டும் எடுத்துடுங்கடி" என்று உத்தரவு போட்டிருந்தாள். "அந்தாண்ட மடிக்கிறவளும் கூலிக்காரிதான். அவ கைல குத்தக் கூடாது." மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியின் பாடு.

முதல் நாள் ஒரு பேனா போய், நாற்பது டாக்டர் கோட்டுகள் வானநீலமாயின. மூன்றாம் நாள் மெழுகுக் குச்சி. பெரிய அறுவை மருத்துவர் கிளிப்பச்சைச் சட்டையோடு வார்டு சுற்றினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்தாம் நாள் ஒரு பல்செட் இஸ்திரி உருளையில் மாட்டிக்கொண்டு, பதினாறு போர்வையில் வரிசையாகப் பல்லிளிப்பு பதிந்தது. ஒரு நோயாளி அதைப் போர்த்தியவுடன் குணமாகி எழுந்து ஓடினார் என்று பேச்சு. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

மேனேஜர் கண்ணாடிக்கு வந்து குதித்தார். "வேணும்னு பண்றீங்களா?"

"எழுதினதைத்தான் சார் பண்றோம்" என்றாள் மூக்குக்காரி. "நிறம் பிரிக்கணும்னு போட்டிருக்கு, பிரிக்கிறோம். அது எங்களுக்கு நல்லா வரும் சார். உங்களைப் பாத்துத்தானே கத்துக்கிட்டோம்."

ஒன்பதாம் நாள் கமிட்டி போட்டார்கள். கமிட்டி என்றால் உங்களுக்குத் தெரியும். முதல் கூட்டத்தில் தேநீர். இரண்டாம் கூட்டத்தில் முதல் கூட்டத்தின் குறிப்பு. மூன்றாம் கூட்டத்துக்குத் தலைவர் ஊரில் இல்லை. இதற்கிடையில் டை தம்பியை மாற்றினார்கள். தண்டனையாக அல்ல, தலைமை அலுவலகத்துக்கு, பயிற்சிப் பிரிவில், கூடுதல் சம்பளத்தோடு. எண்ணூறு துணியை வேக வைத்தவன் இனி மற்றவர்களுக்குத் துவைக்கச் சொல்லித்தருவான்! எங்கள் ஆள் ஒருத்தி ஒரு துண்டைத் தொலைத்தாலே வெளியே தள்ளியிருப்பார்கள். அவர்கள் விழும்போது கீழே மெத்தை வந்து சேருகிறது. அதைத் துவைத்து வைப்பவர்களும் நாங்களே.

கடைசியில் அந்த வரியை அடித்தார்கள். எந்தப்பக்கத்து அனுபவமும் அனுபவம்தான் என்று எழுதினார்கள். இனி எல்லோரும் ஆறு மாதம் இந்தப்பக்கம், ஆறு மாதம் அந்தப்பக்கம், ஒரே சம்பளம். மேற்பார்வையாளர் வேலைக்கு இனி தேர்வு; தேர்வுத்தாளில் பேரும் முகவரியும் இருக்காது, எண் மட்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியது பட்டம். இவ்வளவு எளிய காரியத்துக்கு ஒன்பது நாள் கலவரமும் நாலு மாதக் கமிட்டியும் தேவைப்பட்டன.

உத்தரவில் கையெழுத்தான தேதிக்குப் பதினோரு நாள் முன்னால் மூக்குக்காரிக்கு நாற்பத்தெட்டு முடிந்திருந்தது.

கிளார்க் ஜன்னலில் இந்தமுறை தலையைத் தூக்கியே பேசினான். "வயசு வரம்பைக் கமிட்டி தொடலம்மா. பதினோரு நாள்தான்... நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க." அவள் மனுவை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வழியெல்லாம் நான் பல்லைக் கடித்தேன். அவள், "முதல்தடவையா 'சொல்லுங்க'ன்னான், கவனிச்சியா?" என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்குக் கூலி ஒரு 'ங்க'!

தேர்வு எழுதியவர்கள் பதினேழு பேர். ஐந்தாம் எண் முதலிடம். உறையைப் பிரித்தால் பட்டம். மேனேஜர் இரண்டு தடவை எண்ணைச் சரிபார்த்தார். மூன்றாம் தடவையும் அது ஐந்தாகவே இருந்தது.

சுழற்சி தொடங்கிய முதல் திங்கட்கிழமை, மூக்குக்காரி குளித்து, வெள்ளை உடுத்திச் சுத்தப்பக்கம் வந்தாள். என்னையும் மாற்றியிருந்ததால் பக்கத்தில் நின்றேன். மேற்பார்வையாளர் அறையிலிருந்து பட்டம் ஓடிவந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அக்கா, ஒரே ஒரு நிமிஷம் இதுல உக்காருங்க" என்றாள்.

"போய் உன் வேலையைப் பாருடி. உன் நாற்காலி எனக்கு எதுக்கு?" என்று அதட்டிவிட்டு, மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய விரிப்பு ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாள். ஒருமுறை இழுத்தாள். இன்னொருமுறை நன்றாக இழுத்தாள்.

"ஒண்ணுமே இல்லையேடி. வெறும் வெந்நீர் வாசனை." என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "இதுக்கா இத்தனை வருஷம் நம்மளைப் பூட்டி வச்சானுங்க?"

பிறகு விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் இழுத்துப் பிடித்து மடிக்கத் தொடங்கினோம். துணி கிழிந்துவிடும்போல இழுத்தாள்.